அருவிக்குத் துணை

ஒரே அருவியைப் பார்க்க யாராவது மூன்றாவது முறை போவார்களா? என் மகள் போகிறாள் என்றதும் நானும் கிளம்பிவிட்டேன். வழக்கம்போல் அவளுக்குத் துணையாக, கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட என் தங்கையும் வந்தாள்.

வழிகாட்டியைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது. நாற்பதைத் தாண்டியவன், வழுக்குப் பாறையில் மகளுக்குக் கை கொடுத்தான். அவள் அவனிடம் ஏதோ கிசுகிசுத்துச் சிரித்தாள்.

"என்னடி ரகசியம்?"

"பாறை வழுக்குதுன்னு சொன்னேன்ப்பா."

வழுக்குவது பாறையா? தங்கையைத் தனியே அழைத்தேன். "அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நட. நம்ம குடும்ப மானம் உன் கையிலதான் இருக்கு."

"சரிண்ணா" என்று மறுபேச்சில்லாமல் போனாள்.

அருவிக்கு மேலே, பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பி கட்டியிருந்தார்கள். மகள் அதில் தொங்கிக்கொண்டே கூச்சலிட்டு அக்கரை சேர்ந்தாள். அடுத்து என் முறை. அவன் என் இடுப்பில் பெல்ட்டை மாட்டினான். 'மாமா' என்று வாயெடுக்கட்டும், பல்லைப் பேர்த்துவிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

அக்கரையிலிருந்து மகள் கத்தினாள். "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்னடா சொல்லணும்?"

அவன் என் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். "கோபப்படாதீங்க... மச்சான்."

மகளைக் கேட்பவன் எப்படி மச்சான் என்பான்? திரும்பிப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் முகம் சிவந்து நின்றிருந்தாள் என் தங்கை.

"பயப்படாதீங்கண்ணா. அவர் கட்டினா கெட்டியா இருக்கும்."