கிளாரினெட் சிரிப்பு

குச்சி கையிலிருந்து நழுவி மேடையில் உருண்டது. இசைக்குழு மொத்தமும் வாசிப்பதை நிறுத்தியது. குனிந்து அதை எடுத்த கண்டக்டரின் கண், தானாக நடுவரிசைக்குப் போனது.

கிளாரினெட் வாசிக்கும் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். குனிவதற்கு முன்னால் உதட்டோரம் மட்டும் இருந்த சிரிப்பு, இப்போது முகம் முழுக்க மலர்ந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க. மறுபடி ஆரம்பத்துல இருந்து வரலாம்," என்றார் கண்டக்டர். ஐம்பது வயதில் காது சூடாவது அவருக்கே புதிதாக இருந்தது.

வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் தொடங்கியவர் அவர். பிறகு துணைக் கண்டக்டராகி, பெரிய கண்டக்டருக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று காத்திருந்து, தலை நரைக்கத் தொடங்கியபோதுதான் மேடையேறினார்.

கல்யாணம் மட்டும் கூடிவரவில்லை. "தம்பி கண்டக்டர்" என்று அக்கா சொன்னால், பெண் வீட்டார் "எந்த ரூட்டு?" என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சில பெண்களுக்கு வேறு இடத்தில் கல்யாணமே முடிந்துவிட்டது.

வேலையிலும் இப்போது கண்டம். "உங்க இசையில தப்பே இல்ல, சார். உயிரும் இல்ல," என்று நிர்வாகக் குழுத் தலைவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இந்தப் பருவத்தின் கடைசிக் கச்சேரியைக் கேட்டுவிட்டுத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் அவள் குழுவில் சேர்ந்தாள். கணவனை இழந்தவள், ஏறக்குறைய அவர் வயது. சேர்ந்த வாரமே சிரிக்க ஆரம்பித்தாள்.

கண்டக்டர் ஆளே மாறிப்போனார். மீசைக்குச் சாயம் ஏறியது. சோகமான இடங்களில்கூட அவர் கால் மேடைமேல் துள்ளியது.

"நம்ம ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று கிசுகிசுத்தார் டிரம்பெட்காரர்.

"என்னமோ ஆயிருக்கு. எதையாவது கேட்டுக் கெடுத்துடாத," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

அவள் சிரிப்பதைக் கண்டக்டர் அக்காவிடம் போனில் சொன்னார். "கண்டக்டர்னா எல்லாரும் பாக்கத்தான்டா செய்வாங்க," என்றாள் அக்கா.

"பாக்கறது வேற, சிரிக்கறது வேற. டிரம்ஸ்காரர் என்னப் பாத்து சிரிக்கறாரா?"

"எதுக்கும் யார்கிட்டயாவது கேட்டு உறுதி பண்ணிக்கோ. இந்த வயசுல அசடு வழிஞ்சுட்டு வந்து நிக்காத."

யாரிடம் கேட்பது? அரங்கில் சுருதிக்காரர் ஒருவர்தான் இருந்தார். பியானோவுக்குச் சுருதி சேர்க்க அவருக்கு நிசப்தம் வேண்டும். அதனால் ஒத்திகை முடியும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாகக் காத்திருப்பார்.

"தப்பா நெனைக்காதீங்க. எதிர்ல உக்காந்து பாக்கற ஆளு நீங்கதான்," என்று இழுத்தார் கண்டக்டர். "அந்தக் கிளாரினெட் அம்மா பார்வை எந்தப் பக்கம் இருக்கு?"

சுருதிக்காரர் யோசித்தார். "நேரா இந்தப் பக்கம்தான் சார்."

கண்டக்டருக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ளாமல், கச்சேரிக்கு முன்வரிசையில் நடு நாற்காலியாகப் பார்த்து ஓர் இலவச டிக்கெட்டை அவர் கையில் திணித்தார்.

கச்சேரியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. கண்டக்டர் கையை உயர்த்தினார். அதற்குப் பிறகு அவர் கால் தரையில் பாவவில்லை. வயலின்கள் வெள்ளமாகப் பாய்ந்தன. அவளோ வாசிப்புக்கு இடையிடையே கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து அவர் பக்கமே பார்த்தாள். தலையாட்டி ரசிக்கிறாள் என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது. கடைசிப் பகுதியை அவர் நடத்தவில்லை, பறந்தார்.

முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒப்பந்தத்த நீட்டியாச்சு, சார். எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இந்த உயிர?"

"இப்பத்தான் வந்துச்சு," என்றார் கண்டக்டர்.

அறைக்குப் போய் முகம் கழுவி, கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், கிளாரினெட் பெட்டியோடு அவளே நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், சார்," என்றாள்.

"நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க முதல்ல கேளுங்க."

"கேக்கவே வெக்கமா இருக்கு. ஒத்திகையில நான் சிரிக்கறத நீங்க கவனிச்சிருப்பீங்க."

"கவனிச்சேன்," என்றார். நெஞ்சுக்குள் மொத்த டிரம்ஸும் அடித்தது.

"மனசுல ஒரு ஆசை வந்துடுச்சு. இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு ரொம்ப யோசிச்சேன். அவங்கவங்க வாழ்க்கை அவங்கவங்களுக்கு, இல்லையா சார்?"

"ரொம்ப சரி. தயங்காம கேளுங்க."

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"அடுத்த கச்சேரியில எனக்கு ஒரு ஓரமா நாற்காலி போடுங்க சார், நீங்க நின்னா சுருதிக்காரர் தெரியவே மாட்டேங்கறார்."