மூன்றாம் படியின் கனம்

இரண்டு இட்லி சாப்பிட்டாலே போதும், அதைக் கரைத்துவிடப் பூங்கோதை மாடிப்படியில் நாற்பது தடவை ஏறி இறங்குவாள். வயது பதினான்கு.

“நாளுக்கு நாள் அவ கனம் குறையுது,” என்று வருந்தியது மூன்றாம் படி.

“நான் ஒளிஞ்சுக்கறேன். அப்புறம் எப்படி ஏறுவா?” என்ற அவளுடைய ஷூ, கட்டிலுக்கடியில் பதுங்கியது.

அவள் வெறுங்காலோடு ஏறினாள். குதிகால் வெடித்துப் படியெல்லாம் ரத்தம். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் சாப்பாடு முடிந்தும் காலடிச் சத்தமே இல்லை. ஷூ பயந்துபோய் எட்டிப் பார்த்தது. மூன்றாம் படியில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏறணும்போலவே இருக்கும்மா.”

“இருக்கட்டும்டி. அது அடங்குற வரைக்கும் நானும் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.”

“ரெண்டு பேரா! உனக்குக் கனமா இல்லையா?” என்று கிசுகிசுத்தது ஷூ.

“இருக்கு,” என்றது படி. “இருக்கட்டும்.”