ஆறாம் நாள் விளக்கு

"ஹனுக்கா விளக்குக்கு இன்னைக்கு யாரு எண்ணெய் ஊத்தினது?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டே அன்ஷெல் கத்தினான். நாளுக்கொரு சுடராகக் கூட்டி எட்டு நாள் விளக்கேற்றும் அந்த யூதப் பண்டிகையின் ஆறாம் நாள் அது. அவன் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டி வந்த பதினேழு விருந்தாளிகளின் தட்டுகள் தொட்டியில் மலையாகக் கிடந்தன.

ஜன்னலோரம் எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி திர்ஸாவுக்குப் பகீரென்றது. காலையில் ஊற்றியது அவள்தான். வழக்கமாக அரை மணியில் அணைந்துவிடும். இன்று இரண்டு மணி நேரமாக ஆறு சுடரும் எரிகின்றன. ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலே ஊரைக் கூட்டும் மாமியார் ஃப்ரூமா பக்கத்திலேயே இருந்தாள்.

"நான் வேணா தேய்க்கறேன் அத்தை..."

"உட்காருடி! விளக்கு எரியறப்போ பொம்பளைங்க வேலை செய்யக் கூடாது."

"அம்மா, அது அரை மணி நேரத்துக்குத்தான்!"

"நம்ம வீட்ல அணையற வரைக்கும்டா."

"அணைஞ்சு தொலைய மாட்டேங்குதே!"

"ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிஞ்ச கதையை வருஷா வருஷம் சொல்றியே, உன் வீட்லயே நடந்தா ஆகாதா? வாணலியை அழுத்தித் தேய்!"

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் ஃப்ரூமா மருமகள் பக்கம் குனிந்தாள்.

"ஏன் முழிக்கறே? சின்னக் கிண்ணத்தையெல்லாம் எடுத்துட்டு, பெருசுல நிறைய ஊத்தி வெச்சது நான்தான். அவன் பேச்சு சுவாரஸ்யத்துல கவனிக்காம ஏத்திட்டான். நீ காலை நீட்டி உட்காரு."

திர்ஸா அப்போதுதான் காலை நீட்டினாள்.

"நாளைக்கும் கூட்டிட்டு வரட்டும்," என்றாள் ஃப்ரூமா. "இதைவிடப் பெரிய கிண்ணம் இருக்கு எங்கிட்ட."