வாழ்கவா, ஒழிகவா?

“யோவ் புரோகோர், இன்னிக்கு நாம செம்படைப் பக்கம்! மண்டையில ஏறுச்சா, இல்லையா?”

“ஏறிடுச்சுக்கா. எத்தன தடவதான் கேப்பீங்க!”

“நீ ஒழுங்கா சொல்ற வரைக்கும் கேப்பேன். கடைசில என்னன்னு கத்தணும்?”

“செம்படை வாழ்க.”

நாடகக் குழுவை நடத்தும் லுகேரியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ரஷ்ய உள்நாட்டுப் போரில், ஓரன்பர்க் பாதையில் இருந்த அந்த ரயில்வே ஊரை வெள்ளைப்படையும் செம்படையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தன. யார் பிடித்தாலும் மறுநாளே நாடகம் கேட்டு ஆள் அனுப்புவார்கள். அவளிடம் இருந்ததோ ஒரே நாடகம். எதிரி அதிகாரி வீரனைக் கம்பத்தில் கட்டிச் சுடுவான். வீரன் கோஷம் போட்டுவிட்டுச் சாவான். ஊர் கைமாறினால் கோட்டும் கோஷமும் மட்டும் மாறும்.

இதைக்கூட ஒரு மனுஷனால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எரிச்சல் வராதா?

“போன மாசம் வெள்ளைப்படை முன்னால ‘செம்படை வாழ்க’ன்னு கத்தித் தொலைச்ச. எவனோ ஒரு புண்ணியவான் சிரிச்சுக்கிட்டே கை தட்டினான். செம்படையைக் கேலி பண்றோம்னு நெனச்சு எல்லாரும் தட்டினாங்க, தப்பிச்சோம். இன்னிக்கு உளறினா என்னையும் சேத்து செவத்தோரம் நிறுத்திருவாங்கடா!”

“உளற மாட்டேன்கா. எங்கம்மா சத்தியமா!”

தானியக் கிடங்கு நிரம்பி வழிந்தது. சிப்பாய்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி பார்த்தார்கள். முன்வரிசையில் புதிய தளபதி.

கடைசிக் காட்சி. கம்பத்தில் கட்டப்பட்ட புரோகோர் நெஞ்சை நிமிர்த்தினான்.

“செம்படை ஒழிக!”

திரைக்குப் பின்னால் லுகேரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொறிக்கும் சத்தம் நின்றது. எங்கோ ஒரு துப்பாக்கி கிளிக்கென்றது.

அப்போது முன்வரிசையில் ஒருவர் மட்டும் சத்தமாகச் சிரித்துக் கை தட்டினார். தளபதி! அவரே தட்டியபின் யார் சும்மா இருப்பார்கள்? கிடங்கே அதிர்ந்தது.

திரை விழுந்ததும் தளபதி தனியாக உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“தோழரே, மன்னிச்சிருங்க, இவன் ஒரு மக்கு...”

“நீ சும்மா இரும்மா.” புரோகோரின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். “ஒரே ஒரு வார்த்தைடா! அது வாயில நிக்காதா? ஒவ்வொரு தடவையும் நானேவா மொதல்ல கை தட்டணும்?”

விருட்டென்று திரும்பிப் போனார். அவருடைய கோட்டின் இரு தோள்களிலும், வெள்ளைப்படைப் பட்டைகளைப் பிரித்தெடுத்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.