முறிந்த கைத்தடி

கிரேக்க தேசத்துக் கணக்குப் பண்டிதர் ஒருத்தர், மணலில் தன் கைத்தடியை ஊன்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பக்கத்தில் நின்ற கோபுரம் சிரித்தது.

"என்னை அளக்கவா வந்தே, குச்சிப்பயலே? முதல்ல மேலே ஏறு பார்ப்போம்."

"நான் ஏன் ஏறணும் அண்ணாச்சி?" என்றது தடி. "என் நிழல் என் உயரத்துக்குச் சரியா வரும்போது, உங்க நிழலும் உங்க உயரம்தான் இருக்கும். தரையிலேயே அளந்திடுவோம்."

உயரம் தெரிந்துவிட்டால் அப்புறம் யார் வாய்பிளந்து பார்ப்பார்கள்? கோபுரம் வெலவெலத்துப்போய் ஒரு கல்லைத் தள்ளிவிட்டது. தடி பாதியாக முறிந்தது.

மணலில் நின்ற மிச்சத் துண்டு தன் நிழலைப் பார்த்துக்கொண்டது.

"நான் பாதியானேன், என் நிழலும் பாதியாச்சு. கணக்கு அப்படியேதான் இருக்கு. முடிஞ்சா உங்க நிழலைச் சுருட்டி வச்சுக்கோங்க, அண்ணாச்சி."