தூசு வந்த வழி

“ஆறு மாசமா டிபி மாத்திரை முழுங்கினேனே டாக்டர், அது என்னத்துக்கு?”

லிஜி கத்தியதில் வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு வயது. நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. கோபப்பட மட்டும் எங்கிருந்தோ மூச்சு வந்துவிடுகிறது. வராதா பின்னே?

டாக்டர் கிருஷ்ணமணி பொறுமையாகச் சொன்னார். “நுரையீரலைச் சுத்தி ஒரு சவ்வு உண்டும்மா. அங்க நீர் கோத்தா முதல்ல டிபின்னுதான் நிறைய பேருக்குத் தோணும். குத்தி எடுத்த நீர்ல இந்த நோய் பல நேரம் தெரியாது. சவ்வுல இருந்து சதை எடுத்துப் பார்த்ததாலதான் இப்போ தெரிஞ்சிருக்கு. இது அந்தச் சவ்வுல வர்ற புற்றுநோய். மீசோதீலியோமா.”

“நான் என்ன பீடியா குடிச்சேன்?”

“பீடியால வர்றது இல்ல. ஆஸ்பெஸ்டாஸ் தூசு. சின்ன வயசுல உள்ள போயிருந்தா முப்பது, நாப்பது வருஷம் கழிச்சுக்கூட வரும்.”

லிஜி சட்டென்று திரும்பினாள். சுவரோரம் நின்றிருந்த அப்பா யூஜினைப் பார்த்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அவர் கொச்சியில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வேலை பார்த்தவர். சூட்டுக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றும் வேலை. சனிக்கிழமை தோறும் மண்டைக்காட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

“நீங்கதானா?”

“ஆமா மக்ளே. அந்த உடுப்போடயேதான் வீட்டுக்கு வருவேன். குளிக்கவும் மாட்டேன். நீ ஓடி வந்து கழுத்தைக் கெட்டிப் பிடிப்ப.”

மனுஷன் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. டாக்டர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்தார்.

“அது… நீங்க வரும்போது…” என்று ஏதோ சொல்ல வந்தாள் அம்மா பேபி.

“வாய மூடு பேபி! ஒனக்கு என்ன தெரியும்?”

பேபி ஒடுங்கிப் போனாள். லிஜிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“செய்யதையும் செஞ்சுபோட்டு அம்மைய என்னத்துக்கு வெரட்டுதீங்க? எனக்க மக பத்தாங் கிளாஸ் படிக்கா. அவகிட்ட நான் என்ன சொல்ல? குளிக்கச் சோம்பல்பட்டு ஒனக்க தாத்தா என்னைக் கொன்னுட்டாருன்னா?”

‘தெரியாமப் பண்ணிட்டேன்’ என்று ஒரு வார்த்தை! அதற்குக்கூட யூஜினுக்கு வாய் வரவில்லை.

“வெளிய போங்க. மருந்து ஏத்துத அன்னைக்கும் இந்தப் பக்கம் வரப்பிடாது. எனக்கு அம்மை போதும்.”

அவர் போனார். கதவைக்கூடச் சாத்தாமல் போனார்.

டாக்டர் மேற்கொண்டு சொன்னார். ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் மருந்து ஏற்ற வேண்டும். நாலு தடவை முடிந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். திரும்ப நீர் கோக்காமலிருக்கவும் வழி செய்யலாம்.

“முழுசா குணமாகிடும்னு பொய் சொல்ல மாட்டேன். கட்டுப்படுத்தப் பார்க்கலாம், மூச்சு முட்டலைக் குறைக்கலாம். மருந்து ஏத்தினா குமட்டும், உடம்பு தளர்ந்து போகும். கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும்.”

“நான் உண்டு மக்ளே.” பேபி மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அதுவரை அழாத லிஜி அப்போதுதான் அழுதாள்.

இருவரும் ரத்தப் பரிசோதனைக்குப் போனதும் டாக்டர் யூஜினை உள்ளே கூப்பிட்டார். அவர் குரலிலும் இப்போது கோபம்.

“போன வாரம் என்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே? யார்டுலயே குளிச்சு, உடுப்பு மாத்தி, அழுக்கை அங்கேயே போட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன்னீங்க. ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன். எதுய்யா நிஜம்?”

“எழுதினதுதான் நிஜம்.”

“அப்போ தூசு எப்படி வீட்டுக்கு வந்துச்சு?”

யூஜின் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“குழாய்ல சுத்துத ஆஸ்பெஸ்டாஸ் துணி டாக்டர். தீப்பிடிக்காது. மிஞ்சின துண்டு எல்லாம் ஆளாளுக்கு வீட்டுக்குக் கொண்டு போவோம். எங்களுக்கு சோப்பு தந்தானுவ, குளிச்சிட்டுப் போன்னு சொன்னானுவ. அந்தத் துணியும் விஷம்னு ஒரு நாசமாப் போனவனும் சொல்லல்ல. பேபி ஆசையாக் கேட்டா, கொண்டு வந்தேன். அடுப்புல இருந்து சட்டி இறக்குத பிடித்துணியா வெட்டித் தச்சு, கிறிஸ்துமஸுக்குத் தெரு முழுக்கக் குடுத்தா. தையல் மெஷினுக்குக் கீழ இருந்து இந்தப் பிள்ள நூலைப் பிய்ச்சுப் பிய்ச்சு விளையாடும்.”

டாக்டர் ஃபைலை மூடி வைத்தார்.

“உங்களுக்கும் உங்க வீட்டம்மாவுக்கும் எக்ஸ்ரே எடுக்கணும்.”

“எடுங்க. எனக்க உடுப்புனால வந்த தூசுன்னே பேபிகிட்டயும் சொல்லி எடுங்க.”

“செய்யாத குத்தத்துக்கு மகள்கிட்ட இப்படிப் பேச்சு வாங்கணுமா?”

“என்னைய வெறுத்துட்டுப் போட்டும் டாக்டர். அம்மையையும் வெறுத்துட்டா, மருந்து ஏத்துத அன்னைக்கு அவ யாருக்க கையப் பிடிப்பா?”