சுவருக்கு முந்திய கண்ணாடி

ஜிப்ரி நானா சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வந்தார்.

சுவர் என்றால் ஒரு நீல நைலோன் நூல். மூலைகளில் கட்டை அறைந்து, முழங்கால் உயரத்தில் மேசன் இழுத்துக் கட்டிவிட்டுப் போனது. அறைகளுக்கும் அப்படித்தான். அத்திவாரம் வெட்ட முந்தியே எல்லாம் நின்றுபோயிற்று.

றிப்ஷான் சுற்றிக்கொண்டு போய் வாசலால் நுழைந்தான்.

அது அவன் மனைவி ஷஸ்னா போட்ட சட்டம். உயிரோடு இருந்தவரை அவள் யாரையும் அந்த நூலைத் தாண்ட விட்டதில்லை. "வாசல் இருக்கக்குள்ள ஆராவது மதில் பாய்ஞ்சு வருவாங்களா?" என்பாள்.

ஓட்டமாவடிக்கு அப்பால், வாவியைத் தொட்டுக்கிடந்த சின்னக் காணி. காத்தான்குடியில் கூரையோடு கூரை முட்டி நிற்கும் ஒழுங்கைக்குள் பிறந்து வளர்ந்தவள் அவள். லீவுக்கு வந்து நிற்க, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க ஒரு வீடு வேண்டும் என்றாள். கொழும்புக்கு டாக்டரிடம் போய்த் திரும்பிய அடுத்த கிழமைதான் இந்தக் கதையைத் தொடங்கினாள்.

தொடங்கியவளுக்குக் கட்டி முடியும்வரை பொறுமை இருக்கவில்லை.

வாசல் கட்டைகளுக்கு நடுவே மஞ்சள் திரை தொங்கியது. கஜு மரத்தில் நேரம் பார்க்க மணிக்கூடு ஏறியது. மணலில் கால்மிதி வந்தது. படுக்கையறைச் சுவர் எழும்ப வேண்டிய இடத்தில் மேசனைக் கொண்டு ஒரு தடித்த கம்பை நட்டுவித்து, அதில் தானே கண்ணாடி அடித்தாள்.

அப்போது றிப்ஷான் வாவியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் அவளுடைய சந்தோஷத்தை அவனால் கிட்ட நின்று பார்க்க முடிவதில்லை. டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவனும் அவன்தான். அவளைப் பொறுத்தவரை அது வெறும் அல்சர். குளிசையை விழுங்கிவிட்டு, ஒரு கல்லும் வைக்காத வீட்டுக்குத் திரை தைத்தாள்.

"காணிய ஒங்கட பேர்ல எழுதுங்க" என்றும் அவள்தான் சொன்னாள்.

மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுக்கிற ஊர் அது. அவர்கள் இருந்ததும் அவளுடைய சீதன வீடுதான். ஆம்பிளையின் பேரில் வீடா என்று நஸீறா மாமி மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"பின்ன என்ன உம்மா? என்ட வீட்டில குனிஞ்சு குனிஞ்சே இவரு கூனிப் போயிருவாரு."

அது உண்மைதான். சீதன வீட்டில் கண்ணாடி அவளுடைய உயரத்துக்கு அடித்திருந்தது. அவள் அவனுடைய நெஞ்சு மட்டத்துக்குத்தான் வருவாள். காலையில் அவன் முழங்காலை மடித்துக் குனிந்துதான் தலை வாரவேண்டும். கொஞ்சம் உயர்த்தி அடிக்கவா என்று கேட்டால், பின்னால் நின்று சிரிப்பாள். "பொண்டாட்டிட வீட்டுக்கு வந்தா குனியத்தான் வேணும்."

இப்போது அந்த வீட்டை விட்டு அவன் வெளிக்கிட வேண்டியிருந்தது.

யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் ஷஸ்னாவின் தங்கச்சி முப்லிஹாவுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். வீடு இனி அவளுக்கு. குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில், மவுத்தாகிப்போன ராத்தாவின் மாப்பிள்ளை எத்தனை நாளைக்கு நிற்பது? பிள்ளை ஒன்று இருந்திருந்தாலும் வேறு கதை.

"எங்க மகன் போகப்போறீங்க?" என்று மாமிதான் கண் கலங்கிக் கேட்டார். அவனுடைய உம்மாவின் வீடு அவனுடைய ராத்தாவுக்குச் சீதனமாகப் போய் நெடுநாளாகிவிட்டது.

காணியை விற்றால் டவுனில் ஒரு அறை எடுக்கலாம்.

ஜிப்ரி நானா வாவிப் பக்கம் திரும்பி நின்று மூச்சை இழுத்துவிட்டார். கட்டாரில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த மனிசன்; காணியை வாங்கப் பார்க்க வந்திருந்தார்.

"சோக்கான காத்து தம்பி. இந்தச் சாமானெல்லாம் கழட்டிருவீங்கதானே?"

"ஓம் நானா."

திரையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். வெயிலில் மஞ்சள் வெளுத்திருந்தது. மணிக்கூட்டுக்குள் எறும்பு குடியேறியிருந்தது. தட்டிக் கீழே வைத்தான்.

பிறகு கம்புக்கு முன்னால் போய் நின்றான். பழக்கதோஷத்தில் முழங்கால் தானாக மடிந்தது.

கண்ணாடியில் வானம் தெரிந்தது. ஒரு தென்னையின் தலை தெரிந்தது. அவனைக் காணவில்லை.

மெல்ல நிமிர்ந்தான். தலைமயிர் வந்தது. நெற்றி, கண்கள், வழிக்காத தாடி. முழுதாக நிமிர்ந்து நின்றபோது, முழு முகமும் நேருக்கு நேராக வந்து நின்றது.

கால்விரலில் ஏதோ தட்டியது. கம்படியில், புல் மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கற்கள். அவள் ஏறி நின்று ஆணி அடித்த கற்கள்.

அந்த வீட்டுக்கென்று அவள் வாங்கிய கண்ணாடி இது ஒன்றுதான். கீழே இறங்கி நின்றால் அதில் அவளுடைய முகம் விழாது.

டாக்டர் சொன்னதை மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவன் அவன் மட்டும்தான்.

"என்ன தம்பி, ஆணி இறுகிப் போச்சா?" நூலுக்கு அந்தப் பக்கமிருந்து ஜிப்ரி நானா கேட்டார்.

"ஓம் நானா" என்றான் றிப்ஷான். ஆணியில் அவன் இன்னும் கை வைக்கவில்லை. "கழராது."

தோளில் கிடந்த திரையை எடுத்துக்கொண்டு, மறுபடி கட்ட, வாசலுக்குப் போனான்.